நாற்பத்து மூன்று தவணை

ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஜெபத்தில்
ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிடுவேன்.
அஸ்தம்பட்டி சபை ஒரே குரலாய் எழும்பும்;
என் வாய் அசையும், ஒலி வராது.
கடனாளி.
பக்கத்து பெஞ்சுக்காரர்களுக்கு அது பாவத்தின் மறுபெயர்.
எனக்கு அது எப்சிபா.

கூட்டுறவு வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்.
அவள் புருஷனுக்குக் காப்பிக்கொட்டை உரிக்கிற மெஷின்,
வாழவந்தி போகிற வழியில் ஒரு தகர ஷெட்.
"உனக்கு ஒரு சிரமமும் வராதுக்கா."
மெஷின் இரண்டு மழை தாங்கியது.
பிறகு என் சம்பளத்தில்
மாதம் மூவாயிரத்து இருநூறு.
மின்வாரியத்தில் ரசீது போடுகிறவள் நான்,
எண்கள் எனக்கு மறப்பதில்லை.
ஆனால் பணமல்ல வலித்தது.
ஒரு தடவைகூட அவள் வந்து
என் வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.

கடன் தீர்ந்தது என்று வங்கி தந்த தாளை
அவள் முகத்தில் எறியத்தான்
சனிக்கிழமை ஏற்காடு பஸ் ஏறினேன்.
வளைவுக்கு ஒரு வாக்கியம் தயார் செய்தேன்.
பதினான்காம் வளைவில்
பின்சீட்டுக் குழந்தை என் தோளில் வாந்தி எடுத்தது.
தாய்க்காரி பதறினாள். பரவாயில்லைம்மா என்றேன்,
சட்டென்று, யோசிக்காமல்.
அது எவ்வளவு எளிதாக வந்தது என்று
அடுத்த ஆறு வளைவுகளும்
எரிச்சலாக இருந்தது.

கதவைத் திறந்தவள் ஜெருஷா.
முப்பதைத் தொடப்போகிறாள். கழுத்தில் ஒன்றுமில்லை.
அப்போதுதான் ஆத்தூர் ஃபோன் ஞாபகம் வந்தது:
மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தார்கள்,
நான் ஒரே ஒரு வரி சொன்னேன்.
பொய்யில்லை அது.
பொய்யாக இருந்திருந்தால்
என்றைக்கோ அழுது தீர்த்திருப்பேன்.

"புடவையைக் கழட்டிக் குடுங்க பெரியம்மா,
நாத்தம் புடிச்சிரும்" என்று
அம்மாவின் பச்சைப் புடவையை எடுத்து நீட்டினாள்.
மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்
எதிரியின் புடவையில்.

எப்சிபா தோட்டத்திலிருந்து வந்தாள்,
இடுப்பில் பழம் பறித்த சாக்கு, விரலெல்லாம் கறை.
வாசலிலேயே நின்றுவிட்டாள்.
என்னைப் பார்த்தாளா, தன் புடவையைப் பார்த்தாளா, தெரியாது.
"நாப்பத்தி மூணு" என்றாள்.
நான் சொல்ல வேண்டிய எண் அது.
"அஞ்சாம் தேதி ஆனா எனக்குச் சோறு எறங்காதுக்கா.
வந்து என்னத்தச் சொல்றது? கையில ஒண்ணுமில்லாம?"
வெறுங்கையோடு வந்திருக்கலாமே என்று
கத்த நினைத்தேன்.
வாயில் வந்ததோ ஆத்தூர்.
முழுவதும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கட்டிக்கொள்ளவில்லை.
வெகுநேரம் கழித்து,
"அத எங்கிட்டக் கேக்காத.
அவகிட்டக் கேளு" என்றாள்.

கொல்லையில் ஜெருஷா
என் புடவையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
எல்லாம் காதில் விழுந்திருக்கும், மரப்பலகைச் சுவர்தான்.
நான் வாயெடுக்கும் முன்பே
முகம் திருப்பாமல் சொன்னாள்:
"கறை போகல.
கொஞ்ச நாள் ஊறட்டும்."

கடைசி பஸ்ஸில் இறங்கினேன்.
கீழே சேலத்தின் விளக்குகள்,
அதில் எத்தனையோ நான் ரசீது போட்டவை.
பைக்குள் அந்தத் தாள், மடிப்புக் கலையாமல்.
எடுக்கவே இல்லை.

மறுநாள் அந்தச் சொல்லைச் சொன்னேன்.
மெதுவாக; பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.
யாரை நினைத்துச் சொன்னேன் என்று கேட்டால்
எனக்கே சரியாகத் தெரியாது.

பச்சைப் புடவையைத் துவைத்துத் தேய்த்து
அலமாரியில் வைத்திருக்கிறேன்.
என்னுடையது மேலே,
ஒரு பிளாஸ்டிக் வாளியில்.